வாய்க்கு நேரே

சோற்றுப்பானையை மூடிய தட்டு அப்படியே இருந்தது. தட்டின் மேல் பாரத்துக்கு வைத்த குழவிக்கல்லும் அசையவில்லை. ஆனால் உள்ளே, சோற்றின் நடுவில் மட்டும் ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

துரைக்கண்ணு கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பூனை என்றால் கல்லைத் தள்ளிவிட்டுத்தானே தின்னும்? தின்றுவிட்டுக் கல்லைத் தூக்கித் திரும்ப வைக்கிற பூனை இந்தக் காணை ஊரில் எங்கே இருக்கிறது? மூன்று நாளாக இதே கதை. வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. மணி நாலுதான், ஆனால் மழை மூட்டத்தில் அடுப்படி இருண்டு கிடந்தது. ஆறு மணிக்கெல்லாம் மனைவி சௌந்தரம் திண்டிவனத்திலிருந்து மகளையும் கைக்குழந்தையையும் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவர்களுக்கென்று வடித்த சோறு அது.

மகளுக்கு ரத்தக்கொதிப்பு, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் பார்க்க சௌந்தரம் அங்கே போயிருந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா ராஜாங்கத்தைத் துரைக்கண்ணு ஒண்டியாகப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டாராம்! முதல் வாரம் ஒழுங்காகத்தான் கழுவினார், துணி மாற்றினார். அப்புறம் குமட்டியது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று ஒரு நாள் தோன்றியது. மூன்று வேளை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, கடைசியில் அரை டம்ளர் கேப்பைக் கஞ்சியோடு நின்றது. "பசிக்குதுடா" என்று கிழவர் முனகும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கிழவர் செத்த அன்று எடுப்புக்கு வந்த ஊர், பெத்த பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று மெச்சியது. சௌந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பள இல்லாத வூட்ல தாய் மாதிரி பாத்துக்கினீங்களே" என்று அழுதாள். அந்தக் கை இன்னும் கூசுகிறது. காரியம் முடிந்து அவள் திரும்பிப் போன நாளிலிருந்து அவருக்கு ஒரே வேண்டுதல்தான். இது சௌந்தரத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது.

போன வாரம் கரும்பு போட வீட்டுக்குப் பின்னாலிருந்த கொல்லையை ஜேசிபி வைத்து மட்டப்படுத்தினார். வட்டமாகப் புதைந்திருந்த கற்கள் புரண்டன, அடியில் ஆள் உயரத் தாழி ஒன்று. உள்ளே மண்டையோடு, அதன் வாய்க்கு நேரே கருப்புக் கிண்ணம், கிண்ணத்தில் கரிந்த தானியம். விழுப்புரம் காலேஜில் சரித்திரம் நடத்தும் தமிழ்மொழி என்ற பெண் வந்து பார்த்துவிட்டுக் குதிக்காத குறை.

"மூவாயிரம் வருஷம் இருக்கும்ணா. செத்தவனுக்கும் பசிக்கும்னு எவனோ ஒருத்தன் மொத மொத நெனச்சிருக்கான் பாருங்க. சாமி, படையல் எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும்."

"எதுக்கும்மா வெச்சான்?"

"பாசம்தாண்ணா, வேற என்ன?"

துரைக்கண்ணுவின் முகம் சுட்டது. பாசமாவது! உயிரோடு இருந்தபோது வயிறாரப் போட்டவன் குழிக்குள் எதற்குக் கொண்டுபோய் வைக்கப்போகிறான்? அதை வைத்தவன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரியும். ஆபீசருங்க வர்ற வரைக்கும் தாழியை மூடி வைங்க என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை மட்டும் அவள் பத்திரமாக எடுத்துப் போனாள்.

அப்பா கிடந்த அறையிலிருந்து வாடை வந்தது. பினாயில் ஊற்றி நாலு முறை கழுவிய அறை. புளித்த கஞ்சியும் மூத்திரமும் கலந்த அதே வாடை, கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்து சட்டையில் ஒட்டியது. கூடவே ஒரு சத்தம், வறண்ட தொண்டை வெறும் எச்சிலை விழுங்குகிற சத்தம்.

அவர் ஓடவில்லை. ஓடி யாரிடம் போய் என்ன சொல்வது? வாழையிலை அறுத்து வந்து கட்டில் இருந்த இடத்தில் போட்டார். சோறு வைத்தார். சோறு அமிழ்ந்தது. விரல் விரலாகப் பள்ளம் விழுந்து, கொஞ்ச நேரத்தில் இலை வழித்தெடுத்த மாதிரி கிடந்தது.

"தின்னுப்பா, இன்னும் போடுறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொன்ன வாயை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சீ, செத்த பின்னாலும் பேரமா?

பக்கத்தில் இன்னொரு விழுங்கல். அங்கேயும் ஒரு இலை போட்டார். கதவோரம் மூன்றாவது. நடையில் நாலாவது. இலை, சோறு. இலை, சோறு. பின்வாசலுக்கு வந்து வெளியே பார்த்தார்.

மழை பிடித்திருந்தது. கொல்லைச் சேற்றில், உடைந்த கற்கள் வரைக்கும், சம்மணம் போட்டு உட்கார்ந்த தடங்கள். வரிசையாக. பந்தி மாதிரி. ஒவ்வொரு தடத்துக்கும் மேலே, ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், மழைத்துளிகள் நடுவழியிலேயே மறைந்துகொண்டிருந்தன. தரைக்கு வரவில்லை. உள்ளே போயின.

எத்தனை வாய்! அத்தனை பேருக்கும் ஒரு துரைக்கண்ணு இருந்திருக்கிறான்.

வாசலில் கார் வந்து நின்றது.

"ஏங்க, குடை எடுத்தாங்க, கொழந்த நனையுது" என்றபடி வந்த சௌந்தரம் நடையில் நின்றுவிட்டாள். இலைகளைப் பார்த்தாள். அறைப் பக்கம் தலையைச் சாய்த்தாள். யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பது போல. வெகுநேரம் கேட்டாள்.

"எத்தினி நாளுங்க?"

அவர் கரண்டியைச் சோற்றுக்குள் குத்தி நிறுத்தினார்.

"எத்தினி நாளு போடல?"

"இருவத்தி மூணு."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே கரண்டியை வாங்கினாள். குனிந்து, குனிந்து, ஒவ்வோர் இலையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். பின்வாசலில், அவருக்கு முன்னால் வந்து நின்றபோது பானை காலி.

"சோறு தீந்துடுச்சி மாமா" என்றாள், மாமனாரிடம் சொல்வது போல மழையைப் பார்த்து.

பிறகு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

சேற்றில் உட்கார்ந்திருந்தவை எழுந்தன. துளிகள் மறைகிற இடங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல், வாசற்படியை நோக்கி நகர்ந்து வந்தன. அவர் முகத்துக்கு நேராக.