காக்காய் தொடாத சோறு

மீன் சாப்பிடவில்லை என்பதைவிட, அது மறுத்த விதம்தான் குருபிரசாத்துக்கு முதலில் உறுத்தியது. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் அனுப்பியிருந்த தீனியை விரலிடுக்கில் நொறுக்கித் தண்ணீரில் தூவினால் பாய்ந்து வராவிட்டாலும் போகட்டும், பயந்து கல்லிடுக்கில் ஒளியலாம், வாயில் வாங்கித் துப்பலாம். இது அப்படி ஒன்றும் செய்யாமல், துணுக்குகள் முகத்தருகே இறங்கி வரும்போது அரை அங்குலம் பின்னால் நகர்ந்து வழிவிட்டது. பந்தியில் இலைமேல் கையைக் கவித்து, 'போறும்' என்று தடுக்கிற பெரிய மனுஷர் மாதிரி இருந்தது அது.

குருபிரசாத் தி. நகரில் ஒரு வங்கியில் அதிகாரி. மாலையில் வீடு திரும்பியபின் மீன்களுக்கு மட்டும் அதிகாரி. மந்தைவெளியில், இரண்டாவது மாடி ஃப்ளாட்டின் ஹாலில், தங்கமீனும் ஏஞ்சலும் வளர்த்துச் சலித்துப்போய் இந்த வருஷம் கடல் மீன் என்று இறங்கியிருந்தான். மெட்ராஸில் கடல் மீனை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. வாங்கிவந்தது மண்டபம் பக்கத்துக் கடலில் பிடித்த பட்டர்ஃப்ளை மீன். எட்டு வயது மகள் ரஞ்சனியின் உள்ளங்கை அளவு, மஞ்சள் உடம்பு, கண்ணை மறைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை. அது செத்தால் மானம் போகுமே என்பதுதான் அப்போது அவனுடைய கவலையெல்லாம்.

மீனை விற்ற ஜமீலுன்னிசாவிடம் போய் நின்றான். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த கடையில் அவள் ஒரு கையால் வலையை அலசிக்கொண்டே சொன்னாள்.

"புது எடம், புது தண்ணி சார். மெரண்டு போய்க் கீது. ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா துன்னும்."

பட்டினி போட்டான். மிதக்கும் கண்ணாடிக் குழாயை விட்டு உப்பின் அளவு பார்த்தான், சூடு பார்த்தான், சொட்டு மருந்து விட்டுத் தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். டார்ச் அடித்து உடம்பில் வெள்ளைப் புள்ளி தேடினான். செவுள் அடிப்பு சீராக இருந்தது. நோயாளிக்கு ஒரு குறையுமில்லை. மனைவி ஹம்சாவுக்குத் தெரியாமல் ஆபீஸ் டிபன் டப்பாவில் எறா வாங்கிவந்து நறுக்கிப் போட்டதில், மீன் தொடாமல் மறுநாள் தொட்டி நாறி, ரகசியம் அம்பலமானதுதான் மிச்சம்.

"ஏன்னா, இந்த ஆத்துல எறாவா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வாசப்படி ஏறமாட்டா!" என்று ஹம்சா அன்று முழுக்க ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்துக்குமேல் வெறும் வயிற்றில் இருக்கிற மீனுக்கு வயிறு ஒட்ட வேண்டும், முதுகு கத்திபோல மெலிய வேண்டும். இதற்கு இரண்டும் இல்லை. வந்த அன்றைக்கு இருந்ததைவிட மினுமினுவென்று கொழுத்துத்தான் இருந்தது. இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் போதும், மீன் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும். பசி வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டான். கறுப்புப் பட்டைக்குள் கண் இருப்பதால் அது எங்கே பார்க்கிறது என்று பிடிபடச் சில நாள் ஆயிற்று. தட்டை அது பார்க்கவில்லை. ரஞ்சனியின் வாயைப் பார்த்தது. அவள் நாற்காலி மாறி உட்கார்ந்தால் அதுவும் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றது.

"அதுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா" என்றாள் ரஞ்சனி, வாய் நிறையத் தயிர் சாதத்துடன்.

அவன் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் அவளை முதுகு காட்டி உட்காரச் சொன்னான்.

சோதிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. தண்ணீர் வந்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பிளாஸ்டிக் கேன்களை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் கடலுக்குப் போயிருந்தான். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம். கரையில் சாஸ்திரிகள் நிற்க, புது வேட்டி கட்டிய ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் அஸ்திப் பானையைக் கவிழ்த்துவிட்டுக் கரையேறினார். அவர்கள் போகும்வரை குருபிரசாத் மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு நாலு எட்டுத் தள்ளி இறங்கிக் கேன்களை நிரப்பினான். இவ்வளவு பெரிய கடலில் நாலு எட்டு தள்ளினால் போதாதா என்று இருந்தது அப்போது. வீட்டில் பழைய வேட்டியை மடித்து வடிகட்டியபோது துணியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடியும், பல்லளவு வெள்ளைத் துணுக்கு ஒன்றும் தங்கின. சிப்பி என்று சொல்லிக்கொண்டு குழாயைத் திறந்து கழுவிவிட்டான். ஹம்சாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொட்டியையும் அவனையும் சேர்த்து வெளியே வைத்திருப்பாள்.

அது யாரோ. பெயர் தெரியாத, முகம் தெரியாத யாரோ. அதை நினைத்தபோதெல்லாம் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான்.

ஆடி அமாவாசை வந்தது. தர்ப்பணம் முடித்து, வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில், ஹம்சா பருப்பும் நெய்யும் சேர்த்த சோற்றுருண்டையைப் பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். ரஞ்சனி தொண்டை வறள, "கா, கா" என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட வரவில்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை. "இப்படி ஒருநாளும் வராம இருந்ததில்லையே" என்று முனகிக்கொண்டே ஹம்சா அப்பளம் பொரிக்க உள்ளே போனாள்.

ரஞ்சனி அந்த உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"காக்காதான் வரல. மீனுக்குப் போடட்டுமாப்பா?"

"சாதமெல்லாம் அது சாப்பிடாதுடி" என்றவனுக்கு, அப்பாவின் பத்தாம் நாள் நினைவு வந்தது. பிண்டத்தைக் காக்காய் தொடவே இல்லை. செத்தவருக்கு ஏதோ குறை என்று, சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக, 'அதைச் செய்கிறோம், இதைச் செய்கிறோம்' என்று வாக்குக் கொடுத்தார்கள். சித்தப்பா, 'அண்ணா, உன் பொண்ணுக்கு நானே நின்னு கல்யாணம் பண்ணிவைக்கறேன்' என்றதும் காக்காய் விருட்டென்று இறங்கிக் கொத்தியது. இதை மகளுக்குக் கதையாகச் சொன்னான். அவளுக்கு ஒரே குஷி.

"நாமளும் சொல்லிப் பாக்கலாம்பா!"

விளையாட்டுதான். ரஞ்சனி ஸ்டூல்மேல் ஏறி, ஒரு சோற்றுப் பருக்கையைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றாள். குருபிரசாத் கைகூப்பி, சாஸ்திரிகள் குரலில் ஆரம்பித்தான்.

"இதைவிடப் பெரிய தொட்டி வாங்கித் தரேன்."

மீன் அரை அங்குலம் பின்னால் போயிற்று.

"ஜோடி கொண்டுவந்து விடறேன். பவழம் கொண்டுவந்து வைக்கறேன். வேற என்னதான் வேணும் உனக்கு, வாயைத் திறந்து சொல்லேன்!"

ரஞ்சனி சிரிப்பை அடக்கமுடியாமல் ஸ்டூலில் ஆடினாள். "அதுக்கு நான்தான் வேணுமோ என்னவோப்பா!"

"அப்படியா சமாச்சாரம்? சரி, எடுத்துக்கோ. ரஞ்சனியை நீயே எடுத்துக்கோ. போறுமா?"

மீன் முன்னால் வந்தது. அவள் விரல் நுனியிலிருந்து பருக்கையை எடுத்துக்கொண்டது. அடுத்ததையும் எடுத்தது. உருண்டை முழுவதும் தீரும்வரை, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

ரஞ்சனி கைதட்டினாள். அவனும் தட்டினான். இரண்டாம் முறை தட்டும்போதுதான் கை நின்றது. கடல் மீன் நெய்ச் சோறு தின்னாது. எந்தக் கடலிலும், எந்தப் புத்தகத்திலும். உள்ளே அப்பளம் பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஏர் பம்ப் நின்றதும், அத்தனை நாளாகக் காதில் விழுந்து பழகிய குர்குர் சத்தம் இல்லாமல் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஹம்சா குழந்தைக்குத் தட்டு வைத்தாள். ரஞ்சனி தட்டுக்குமேல் கையைக் கவித்தாள். நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"மத்தியானம் பாயசம் ஜாஸ்தியாயிடுத்து" என்றாள் ஹம்சா.

மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பள்ளிக்குப் போன டிபன் டப்பா மூடி திறக்காமல் திரும்பி வந்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஊட்டினால் வாயை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் மெதுவாகப் பின்னுக்கு வாங்கிக்கொண்டாள். ஹம்சா பயந்துபோய் லஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள். குருபிரசாத்தும் போனான். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டை பார்த்தார். சூடு பார்த்தார். மூச்சை எண்ணினார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பட்டினி கிடக்கற வயிறா இது? நன்னாத்தான் இருக்கா" என்றார்.

"புது கிளாஸ், புது டீச்சர். மிரண்டு போயிருப்பா. ரெண்டு நாள் பட்டினி போடுங்கோ, தானா சாப்பிடுவா."

குருபிரசாத்துக்கு ஜமீலுன்னிசா சொன்னது காதில் விழுந்தது. டாக்டர் சீட்டு எழுதி முடிக்குமுன் எழுந்து வெளியே வந்தான்.

அன்றைக்கே மீனைப் பையில் பிடித்துக்கட்டி, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஜமீலுன்னிசா கடைக்கு ஓட்டினான். காசு வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும் என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீனை ஒரு தொட்டியில் விட்டு ஒரு சிட்டிகைத் தீனி போட்டாள். மீன் பாய்ந்தது. இடித்துத் தள்ளிக்கொண்டு விழுங்கியது. கீழே விழுந்ததையும் பொறுக்கியது.

"இதுவா சார் துன்னலன்னீங்க? இன்னா துன்னு துன்னுது பாருங்க!"

அவன் கண்ணாடி அருகே குனிந்தான். அது அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெறும் மீன். தீனிக்கு அலைகிற வெறும் மீன்.

மீனுக்கு ஒன்றுமில்லை. மீனிடம் இனி ஒன்றுமில்லை. அப்படியென்றால் அது வீட்டிலேயே இருக்கிறது.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று தெரியாது. மந்தைவெளி மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, எல்லாம் பட்டப்பகல் வெயிலில் பளிச்சென்று இருந்தன, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஹாலில் ரஞ்சனி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மீன் இல்லாத தொட்டியைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கைகால் அலம்பாமல் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் எதிரில் மண்டிபோட்டான்.

"விளையாட்டுக்குச் சொன்னேன். சத்தியமா விளையாட்டுக்கு." பிசைந்த உருண்டையை அவள் வாயருகே நீட்டினான். "யார் நீங்க? உங்களுக்கு என்ன குறை? ஸ்ராத்தம் பண்றேன். ராமேஸ்வரம் போறேன். வருஷா வருஷம் பண்றேன்."

வாய் திறக்கவில்லை.

"என்னை எடுத்துக்கோங்கோ. குழந்தையை விட்டுடுங்கோ. என்னை எடுத்துக்கோங்கோ."

அரை அங்குலம் பின்னால்.

கண் இமைக்கவில்லை. எத்தனை நேரமாக இமைக்கவில்லை?

"என்ன பண்றேள் குழந்தையை?" ஹம்சா சமையலறையிலிருந்து வந்து தட்டைப் பிடுங்கினாள். "ஏற்கெனவே மிரண்டு கிடக்கா, நீங்க வேற பூச்சாண்டி காட்டிண்டு! தள்ளுங்கோ." அவனை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். எந்த வீட்டிலும் எந்த அம்மாவும் சொல்கிறதைத்தான் சொன்னாள். "என் கண்ணோல்லியோ. ஒரே ஒரு வாய். புதுப் பாவாடை தைச்சுத் தரேன். வேண்டாமா? பொம்மை வாங்கித் தரேன். அதுவும் வேண்டாமா? அப்போ ஒண்ணு பண்ணலாம், சாயங்காலம்..."

அவனுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்தான். நாற்காலிக் கால் தடுக்கியது.

"ஹம்சா, சொல்லாதே!"

"...கடலுக்குக் கூட்டிண்டு போறேன். என்ன?"

ரஞ்சனி வாயைத் திறந்தாள்.

ஹம்சாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உருண்டை உருண்டையாக ஊட்டினாள். போதாமல் பாத்திரத்தையே கொண்டுவந்தாள். குழந்தை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது, அடியில் ஒட்டிய பருக்கைவரை. "இவ்வளவுதான் குழந்தை ஆசைப்பட்டது! அதைக் கேக்கத் தெரியல உங்களுக்கு" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டே வாய் துடைத்து, தலைவாரிப் பின்னி, கனகாம்பரம் வைத்து, பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள். இத்தனை நாள் கழித்து ஹம்சா ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

குருபிரசாத் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து, தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு நின்றான். ரஞ்சனி அவன் எதிரில் வந்து நின்றாள். தள்ளவில்லை. கெஞ்சவில்லை. பொறுமையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், பின்னால் ஹம்சா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், குழந்தையின் தாடை மட்டும் மெல்ல மெல்ல அசைந்து எதையோ மென்றுகொண்டே இருந்தது. வாயில் ஒன்றுமில்லை.