உடைந்த இடக்கை

மலாயாவின் குளுவாங் ஊரில் முனீரின் சாப்பாட்டுக் கடைக்கு அன்று காலை வேர்த்து விறுவிறுக்க வந்தவர் சபாபதி. லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவர்.

“ஹாலோவே துரை சிலையோட ஒரு கையைக் காணோம். நாளைக்குத் திறப்பு விழா. சிலைக்கடியில கொத்தனார் அர்ச்சுனனோட சுத்தியல் கிடந்துச்சு. மேனேஜர் அவனை ஸ்டோர்ல அடைச்சு வெச்சிருக்காரு. அவன் செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணல.”

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிக்கந்தர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குள் முனீர் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பி நின்றார்.

காட்டை அழித்து ஊரை உண்டாக்கியவர் என்று, தோட்டத்தின் பழைய துரையான, இறந்துபோன ஹாலோவேக்கு லாயாங் லாயாங் ரயில் நிலையத்தின் எதிரே பளிங்குச் சிலை. சிலை செய்த சிங்கப்பூர் ஆட்கள் அர்ச்சுனனை உதவிக்கு வைத்துக்கொண்டு, தட்டி மறைவில் அதை நிறுத்தித் துணி போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். மேனேஜரையும் அர்ச்சுனனையும் தவிர ஊரில் வேறு யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை.

அங்கே போய்ச் சேர்ந்ததும் சிக்கந்தர் துணிக்குள் நுழைந்து பார்த்தார். இடக்கை மணிக்கட்டோடு போயிருந்தது; அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பிறகு சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார். அதன் முகத்தில் காய்ந்த சிமெண்ட் அப்படியே அப்பியிருந்தது.

“இதால பளிங்கை அடிச்சிருந்தா சிமெண்ட் உதிர்ந்திருக்கும், முனீர். யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க.”

“அப்ப அர்ச்சுனன் மேல பகை உள்ளவங்க,” என்றார் முனீர் பரபரப்பாக.

சபாபதி தயங்கினார். “பேச்சியம்மாள் அவன்கூடப் பேசியே பல வருஷமாச்சு. அந்தா, ஸ்டேஷன் வாசலைக் கூட்டுறாங்களே, அவங்கதான்.”

சிக்கந்தர் அவளிடம் மெல்லக் கேட்டார். “ஹாலோவே துரையைத் தெரியுமா, அம்மா?”

“என் மகனைப் பிரம்பால அடிச்சே கொன்னவன். தெரியாதா? வலக்கையால அடிச்சான். கல்லுல பிரம்பை இடக்கையில குடுத்திருக்கானுங்க. அதுவும் பொய்.”

சிக்கந்தர் தலையசைத்தார். பிறகு மேனேஜர் உட்பட எல்லோரையும் ஸ்டோர் வாசலுக்கு வரச் சொல்லி, அர்ச்சுனனையும் வெளியே வரவழைத்தார்.

“சிலையில பிரம்பு எந்தக் கையிலன்னு சொல்ல, கை உடையறதுக்கு முன்னாடியே துணிக்குள்ள பார்த்திருக்கணும்,” என்றார். “அர்ச்சுனன், நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லைங்க. சிங்கப்பூர்க்காரங்க கிளம்பினதுமே மேனேஜர் வாயைத் திறக்கக் கூடாதுன்னாரு.”

“அப்படின்னா பேச்சியம்மாள் தானே பார்த்திருக்காங்க. ஆனா உங்க சுத்தியல் ஏன், அர்ச்சுனன்?”

அர்ச்சுனன் பேச்சியம்மாளைப் பார்த்தான். “அவங்க மகன் செத்தப்ப நான் மண்டோர், ஆளுங்களை மேய்க்கிற வேலை. துரை அடிக்கறப்ப அந்தப் பையன் ரெண்டு கையையும் பிடிச்சிருந்தது நான்தான்.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினான். “சிலையை உடைச்சது நான்தான். எழுதிக்குங்க.”

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சபாபதி மொழிபெயர்க்க வாயெடுத்தார்.

“நில்லுங்க,” என்றாள் பேச்சியம்மாள். “என் பிள்ளையை அசையவிடாமப் பிடிச்சவன், இப்ப இதையும் என்கிட்டேருந்து பிடுங்கப் பாக்கறான். கோடரிப் பின்பக்கத்தால உடைச்சது நான், இவன் சுத்தியலைக் கொண்டுவந்து போட்டதும் நான். அந்தக் கையை என் பிள்ளை புதைகுழியில, அவன் காலடியில புதைச்சதும் நான்.”

சபாபதி மேனேஜரைப் பார்த்தார்.

“சொல்லுங்க கிராணி,” என்றாள் அவள். “ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.”