எண்பத்தைந்தாவது வரி

ஜுவைரியா டிக் செய்தது எண்பத்து நாலு விமானங்களை. திரையோ எண்பத்தைந்து என்றது.

காலையிலிருந்து கொட்டும் மழையில் ஹார்பர் லைன் ரயில் நின்றுபோனதால், மும்பை கோவண்டி வீட்டுச் சமையலறை மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். விமானக் கம்பெனியின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாலை விமானங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்தில் நாற்பது நிமிடம் தள்ளிப்போட வேண்டும், பழகிய காரியம்தான். பக்கத்துத் தகரக் கூரையில் மழை அறையும் சத்தமும், ஆறிக்கொண்டிருந்த குக்கரின் பருப்பு வாசனையும், சுவரில் ஊறி இறங்கும் ஈரமும் தவிர வீட்டில் வேறு நடமாட்டம் இல்லை. உள்ளறையில் தம்பி வாசிம் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அதே கம்பெனியில் விமானப் பணியாளராகச் சேர்ந்து எட்டு மாதம். இன்று அவனுக்கு விடுப்பு.

கடைசி வரிக்குப் போய்ப் பார்த்தாள். விமான எண் இல்லை. புறப்பாடு 5.40. வந்துசேரும் நேரம் காலி. பணியாளர்கள் ஆறு பேர். முதல் ஐந்து பெயர்களும் கம்பெனிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை. எல்லாம் பதினோரு வருடத்துக்கு முன், கம்பெனி விமானம் ஒன்று கடலில் விழுந்த அதே தேதியில். ஆறாவது பெயர் வாசிம்.

“எவன் பாத்த வேல இது,” என்று அழித்தாள். வரி திரும்ப வந்தது. டிக்கை எடுத்தாள். தானாக விழுந்தது. பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வாசிம் எழுந்து நின்றிருந்தான். கண்கள் மூடியிருக்க, கைகள் மட்டும் சீருடைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தன.

“ஏல, எங்க போற? ஒனக்கு இன்னைக்கு லீவுல்லா.”

“கூப்புடுறாங்க லாத்தா.”

“எவன் கூப்புட்டாலும் போவக்கூடாது. படுல.”

தோளைப் பிடித்து அழுத்தினாள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கடல் தண்ணீர் வாடை. அவளையும் இழுத்துக்கொண்டு அவன் வாசலுக்கு நடந்தான். பிடியை விட்டுவிட்டு மேசைக்கு ஓடினாள். அந்த வரிக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதானே. தம்பி பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள்.

“இந்தா, என்னைய எடுத்துக்க. அவன விடு.”

அழுத்தினாள்.

வாசிம் அங்கேயே தரையில் சரிந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அல்ஹம்துலில்லாஹ். அப்புறம்தான் திரையைப் பார்த்தாள்.

85 வரிகள் மாற்றப்பட்டன.

மற்ற டிக்குகளை அவள் எடுக்கவே இல்லை. ஒரு வரியை மட்டும் மாற்றுவதானால் மற்ற டிக்குகளை எடுத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பது, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே படித்துப் படித்துச் சொல்லும் எச்சரிக்கை. எல்லா விமானத்திலும் இப்போது அவள் பெயர். எல்லாவற்றிலும் வந்துசேரும் நேரம் காலி.

போன் அடித்தது. பணிக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளக் கம்பெனி வண்டி வீட்டுக்கே வரும்.

“மேடம், பிக்கப். காடி கீழ நிக்குது.”

“நிக்கட்டும்.”

கதவைத் தாழிட்டாள். தம்பியைத் தாண்டிப் போய் ஜன்னலைத் திறந்தாள். “நான் வரமாட்டேன். தைரியம் இருந்தா மேல வாங்கலே.”

வெள்ளை வண்டிகள். மழையில் விளக்கெரிய, ஒன்றன்பின் ஒன்றாக, சிக்னல் தாண்டியும். ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. கதவுகள் ஒன்றாகத் திறந்தன. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஐந்து பேர், தண்ணீர் வழியும் சீருடையில். அத்தனை வண்டிகளிலிருந்தும் அதே ஐந்து முகங்கள்தான் இறங்கிப் படிக்கட்டுக்கு வந்தன.