நேராகத் தெரிந்தவள்

நேராகப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. இரண்டு வருஷமாக சீதாலக்ஷ்மியின் கண்ணுக்கு அதுதான் வழக்கம். வயதானால் வரும் விழித்திரைக் கோளாறு என்றார்கள். எதை உற்றுப் பார்க்கிறாளோ அது மட்டும் சாம்பலாக அழிந்துபோகும், சுற்றியிருப்பது மங்கலாக நிற்கும். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தோசைத் திருப்பியும் கையுமாக, புருஷன் உட்கார்ந்திருந்த பக்கம் தற்செயலாக நேரே திரும்பியவள், அந்தச் சாம்பலின் நட்டநடுவில் ஒரு புடவைக் கரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை. கரையில் ஓடும் ஜரிகை இழையைக்கூட எண்ணிவிடலாம். அவளுடைய பீரோவில் அப்படி ஒரு புடவை கிடையாது.

கண்ணைக் கொட்டினாள். போய்விட்டது.

"என்ன சீதே, தோசை தீயறது" என்றார் ஸ்ரீகண்டன்.

சீதாலக்ஷ்மியைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். அறுபத்தெட்டு வயதிலும் கோட்டைக்குள் இருக்கும் தங்கள் தெருவிலிருந்து தனியாகக் கிளம்பி, கிழக்கேகோட்டையில் பஸ்களின் உறுமலைக் காதால் அளந்து ரோடு தாண்டி, சாலைக் கடைத்தெருவில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கி வருகிறவள் அவள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு, அரிசி மாவுக்கு மூன்று. காஸ் அடுப்பின் திருகில் நெயில் பாலிஷால் ஒரு சின்ன மேடு. போன் அவளுக்குப் பேப்பர் வாசிக்கும். மனுஷர் முகம் வேண்டுமென்றால், கண் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னபடி, காதைப் பார்க்க வேண்டும். காதைப் பார்த்தால் முகம் ஓரத்தில் கொஞ்சம் தட்டுப்படும். நாற்பத்திமூன்று வருஷம் கூட வாழ்ந்த புருஷனின் முகத்தையும் இப்போது அப்படித்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அதுவும் சிரிப்பு எது, சலிப்பு எது என்று பிரித்தறிய முடியாத ஒரு முகத்தை. மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாள். அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அந்தப் புடவைக்காரி முழுசாகத் தெரிந்தாள். நாற்பது வயதிருக்கும். ஈரத்தலையை நுனியில் முடிந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். சீதாலக்ஷ்மி பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, ஆற அமர, ரசித்து.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பேடிக்க வேண்டா மாமி, பயப்பட ஒண்ணுமில்லை. கண்ணு போன இடத்தை மூளை சும்மா விடாது, எதையாவது படம் வரைஞ்சு வைக்கும். ஒருபாடு பேருக்கு, எத்தனையோ பேருக்கு இது உண்டு. கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டுங்கோ, போயிடும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஸ்ரீகண்டனுக்கு ஒரே உற்சாகம்.

"ஆள் எப்படியாக்கும்? அழகியோ?"

"ஏன், பாக்கக் குடுத்து வைக்கலையேன்னு வருத்தமா இருக்கோ?"

"பின்னே! ஒரு அறிமுகம் பண்ணி வைக்கப்படாதோ?"

அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் வயிறு எரிந்தது. படமாகவே இருக்கட்டும். படத்துக்கு இவர் முகத்தில் என்ன வேலை? பக்கத்து வீட்டில் அத்தனை பேர் இருக்கிறார்கள், வாசலில் ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள், யாரையாவது பார்த்துத் தொலையக் கூடாதா? இவர் மீசை முழுக்க நரைத்துவிட்டதா, கன்னத்து மச்சம் பெரிதாகிவிட்டதா, பொய் சொல்லும்போது இன்னமும் இடது புருவம் ஏறுகிறதா? எதுவும் சீதாலக்ஷ்மிக்குத் தெரியாது. அந்த மினுக்கிக்குத் தெரியும். மனசுக்குள் அவளுக்கு அந்தப் பெயர்தான் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் ஸ்ரீகண்டன் சட்டையைப் போட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தார். கழுத்துப் பட்டனைத் தடவிக் காட்டினார்.

"பலே சீதே! இது விழுந்து மாசம் ரெண்டாச்சு, நானே மறந்துட்டேன். எப்படி நூல் கோத்தே?"

ஊசியில் நூல் கோப்பது அவள் விட்டுவிட்ட ஒரே வேலை. இரண்டு வருஷமாக ஊசிப் பெட்டியைத் தொட்டதில்லை. பாத்திரம் தேய்க்க வரும் ஜெயஷீலா கொல்லையில் நின்றாள். பட்டனைத் தைத்தது அவளாகத்தான் இருக்கும் என்று சீதாலக்ஷ்மிக்குத் தோன்றியது. ஆனால் அவர் குரலில் இருந்த அந்தப் பெருமை. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

"ஆமா, நான்தான்" என்றாள். "கை பழகினா வராதோ?"

அவர் ஆபீஸ் சிநேகிதரைப் பார்க்கப் போனதும் ஜெயஷீலாவிடம் கேட்டாள்.

"நான் தைக்கல்லியே மாமி. சாரோட சட்டையை நான் எதுக்குத் தொடணும்?"

மின்விசிறி மேலே டக் டக்கென்று சுற்றியது. கொல்லையில் பாத்திரங்களின் சத்தம் நின்றது, ஜெயஷீலா கதவைச் சாத்திக்கொண்டு போனாள், அதற்கப்புறம் அந்த நீளமான வீட்டில், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே வெயில் வராத அந்த நடையில், இன்னும் காயாத தலைமுடியும் செம்பருத்தி இலை அரைத்த தாளியும் கலந்த ஒரு வாசனை மெல்ல நகர்ந்து அவளைத் தாண்டிப் போயிற்று. சீதாலக்ஷ்மி தலைக்குத் தாளி தேய்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

'நான்தான்' என்று ஏன் சொன்னோம்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. திருத்திச் சொல்லவும் வழியில்லை. பட்டன் தைத்தது நான் இல்லை என்றால், பின்னே யார் என்பார்.

அதற்கப்புறம் தினம் ஒன்று. அரிசியில் ஒரு கல் இல்லை என்றார். நகத்தை எவ்வளவு பதமாக வெட்டிவிட்டாய் என்றார். நேற்றுச் சாயங்காலம் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே ஒவ்வொரு போட்டோவிலும் யார் யார் என்று நீ சொன்னாயே, எனக்கே நினைவில்லை என்றார். நேற்றுச் சாயங்காலம் அவள் காய் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

ஒவ்வொரு முறையும் அவள் "ஆமா" என்றாள். வேறென்ன சொல்வது? அவர் சந்தோஷமாக இருந்தார். ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் அந்த மினுக்கி இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தாள். கண்ணைக் கொட்டினால் போவதில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டினாலும் போவதில்லை. சனிக்கிழமை அவள் உடுத்தியிருந்தது சீதாலக்ஷ்மியின் கிளிப்பச்சைப் புடவை. காப்பித் தழும்புகூட அதே இடத்தில்.

"எடுத்தியாடி என் புடவையை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கூடத்தில் கண்ணாடிக் குப்பிவளை ஒன்று இன்னொன்றில் இடித்தது. சீதாலக்ஷ்மி போடுவது தங்க வளை.

திங்கட்கிழமை நாலு மணி. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கூடத்திலிருந்து ஸ்ரீகண்டனின் குரல் வந்தது. நெகிழ்ந்திருந்தது.

"சீதே, ஒண்ணு சொல்லட்டுமா? மத்தியானம் படுத்திண்டிருக்கறச்சே பக்கத்தில வந்து உக்காந்தியே."

அவள் வரவில்லை. மத்தியானம் முழுக்கச் சமையலறையில் வடாம் மாவு கிளறிக்கொண்டிருந்தாள்.

"காதைப் பாக்கலை நீ. என் முகத்தை நேரா பாத்தே. ரெண்டு வருஷத்துக்கப்பறம். எனக்கு அழுகையே வந்துடுத்து, கேட்டயோ."

கொதிக்கிற பாத்திரத்தை இடுக்கியால் பிடித்தபடியே கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்னா, அது நான் இல்லை."

"பின்னே யாரு?" சிரித்தார். "போடி பைத்தியமே."

நேராகப் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம். கிளிப்பச்சை. உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை. அவரைப் பார்க்கவில்லை இப்போது. முதல் தடவையாக, சீதாலக்ஷ்மியைப் பார்த்தாள். சிரித்தாள். வீட்டுக்காரி வேலைக்காரியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பு. அந்த முகம். அவ்வளவு தெளிவாக.

வீசினாள்.

நேரே தெரிவதை நம்பாதே என்று இரண்டு வருஷம் பழகிய கண். ஒரு நொடி மறந்துவிட்டது. அந்தச் சாம்பலுக்குள் எப்போதும் இருப்பவர் அவர்தானே.

அலறியது அவர் குரல்.

ஒன்பது நாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். "கை தவறிப்போச்சு. பாவம், அவளுக்குக் கண்ணு தெரியாதே." அவருடைய இரண்டு கண்ணின் மேலும் கட்டு. ஒன்றில் பார்வை போய்விட்டது, இன்னொன்று இனிமேல்தான் தெரியும் என்றார்கள்.

ஜெயஷீலா ஒத்தாசை செய்துவிட்டுப் போன பிறகு, சீதாலக்ஷ்மி கஞ்சியை ஆற்றி டம்ளரில் எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டனிலிருந்து சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தாவது.

"சீதே" என்று அவர் கையை நீட்டினார்.

"இதோ வந்துட்டேன்னா."

அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். நீட்டிய கை அந்தரத்தில் எதையோ பற்றி மூடியது. அவர் பெருமூச்சு விட்டார்.

"உன் கை எத்தனை ஜில்லுனு இருக்கு" என்றார். "விடாதே. இப்படியே பிடிச்சுக்கோ."

"ஏன்னா... நான் இங்கே நிக்கறேன்னா. வாசல்ல."

கட்டுப் போட்ட தலை அவள் பக்கம் திரும்பியது. பயந்தது.

"யாரது? சீதே, ரூம்ல யாரோ நிக்கறா, பாரு."

"ஏன்னா, இங்கே யாரும் இல்லை" என்றது கட்டில் பக்கமிருந்து ஒரு குரல்.

சீதாலக்ஷ்மியின் குரல். அதே கரகரப்பு. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

நேராகப் பார்த்தாள். கட்டிலில் கிளிப்பச்சை. அவர் தலை அவள் மடியில். நெற்றியை வருடிய விரல்கள், குப்பிவளை, எல்லாம் துல்லியமாக. அந்த மினுக்கி நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தாள். எழுந்தாள். தரையில் காலடி கேட்டது. வாசல்வரை வந்து, சீதாலக்ஷ்மியின் கையிலிருந்த கஞ்சி டம்ளரை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.