இடப்பக்கக் கறை

கண்டக்டர் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள். தோளில் டிக்கெட் பையோடு நின்றபடியே ஒரு காகிதத்தை மேசைமேல் போட்டாள்.

"என் தம்பிக்கு இன்னும் ஏழு வருஷம்தானாம் சார். ரெண்டு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரியில இருபத்தாறுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு காய்ச்சல்கூட வரல. நடுவுல பதினேழு வருஷத்தைத் திருடினது யாரு?"

மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் 'நிதானம்' என்றே அழைப்பார்கள். தலையிலோ முதுகுத்தண்டிலோ பலமாக அடிபட்டவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள் என்று கணிப்பதே முப்பது வருடமாக அவர் பார்த்த வேலை. ஓய்வுக்குப் பிறகு, தப்பாகிப்போன கணிப்புகளைத் துப்பறிகிறார். கூடவே அலைபவர், வார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. நிதானம் அந்தக் காகிதத்தை மூன்றாம் முறை படிக்கத் தொடங்கியபோது, இந்த மனிதரோடு மாரடிப்பதே பிழைப்பாகிவிட்டது என்று நர்ஸம்மா மனசுக்குள் புழுங்கினார்.

சாரம் சரிந்து விழுந்தவன் தம்பி, சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன். தலையில் அடி. வலது கை செயலற்றுப் போய்விட்டது, பேச்சும் மெதுவாகிவிட்டது. அவனைப் பயிற்சி மையத்தில் சேர்த்தால் சக்கர நாற்காலியில் தானாகப் புழங்கவும் ஒரு தொழிலுக்கும் பழக்குவார்கள். ஆனால் பத்து வருடத்துக்குக் கீழே கணிக்கப்பட்டவர்களை மையம் சேர்ப்பதில்லை. கண்டக்டர் மூன்று கடிதம் போட்டாள், மூன்றுக்கும் அதே அச்சடித்த பதில். வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. இன்று புதன்.

"கணிப்புப் போட வீட்டுக்கு வந்து பார்த்த அதிகாரி எழுதினது இது," என்றார் நிதானம். "நேரம் காலை எட்டேகால். சாப்பாடு, பிறர் ஊட்டுகிறார்கள். கேள்விகளுக்குப் பதில், இல்லை. தானா சாப்பிடாதவங்களுக்கும் பேசாதவங்களுக்கும் ஆயுசைக் குறைச்சுத்தான் போடுவாங்க. கணக்கைக் கவுத்தது இந்த ரெண்டு வரிதான்."

"பத்து நிமிஷம்கூட உட்காரல சார் அந்த ஆள்! இல்லன்னா மத்தியானம் வர்ற உதவியாள் ஏதாவது போட்டுக் கொடுத்திருப்பான். அவனுக்கு அக்கறையே கிடையாது. சாயங்காலம் வந்து பார்த்தா தம்பி சட்டையெல்லாம் கறை."

"உதவியாள்தான் சார்!" என்றார் நர்ஸம்மா உடனே.

"வீட்டைப் பார்க்கலாம்," என்றார் நிதானம்.

அறை சின்னது. கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. வலப்பக்கம் ஒரு நாற்காலி.

"எப்படி இருக்கீங்க தம்பி?" என்று கட்டிலில் இருந்தவனைக் கேட்டார் நிதானம்.

தம்பியின் உதடு அசைந்தது. "நல்லாத்தான் இருக்கான் சார்," என்றாள் கண்டக்டர்.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"வேண்டாம், அவனுக்குக் குளிரும்."

"டிவி பார்ப்பீங்களா?"

"எப்பவாவது பார்ப்பான்."

நிதானம் அழுக்குக் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு சட்டையாக விரித்துப் பார்க்கத் தொடங்கினார். "நாம துணி துவைக்கவா வந்தோம் சார்?" என்று நர்ஸம்மா பல்லைக் கடித்தார். நிதானம் காதிலேயே வாங்கவில்லை. கறை எல்லாச் சட்டையிலும் இருந்தது, இடது மார்பில், இடது கையின் மணிக்கட்டில்.

மறுநாள் மத்தியானம் அதே அறையில் அதிகாரி, உதவியாள், கண்டக்டர் மூவரையும் கூட்டிவிட்டார்.

"சாப்பாடு ஊட்டுறவங்க எங்க உட்காருவாங்க?" என்று கேட்டார்.

"அந்த நாற்காலியிலதான். வேற இடம் ஏது?" என்றாள் கண்டக்டர்.

"அது வலப்பக்கம். ஊட்டும்போது சிந்தினா அந்தப் பக்கம்தான் சிந்தணும். கறை இடது மணிக்கட்டு வரைக்கும் எப்படிப் போச்சு?"

உதவியாள் தலையைச் சொறிந்தான். பிறகு கட்டிலடிப் பெட்டியிலிருந்து, பிடியில் துணி சுற்றிய ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினான். "நான் ஊட்டுறதில்ல சார். அவரே இடது கையால சாப்பிடுவாரு. முக்கால் மணி நேரம் ஆகும். அக்காகிட்ட சொன்னா, வேலைக்குச் சோம்பல்பட்டு அவர் தலையில கட்டிட்டேன்னு திட்டுவாங்க."

"நான் வந்தப்ப ஊட்டிட்டு இருந்தது இவங்க," என்று அதிகாரி கண்டக்டரைக் காட்டினார். "அவரை நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் இவங்கதான் பதில் சொன்னாங்க. கண்ணால பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

"நீங்க வந்த நேரம் தப்பு," என்றார் நிதானம். "ஒன்பது மணிக்கு டூட்டிக்கு ஓடுறவங்க, எட்டேகாலுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க முடியுமா? நேத்து நானும் அவரை மூணு கேள்வி கேட்டேன். ஒண்ணுக்காவது அவர் குரல் கேட்டுச்சா?"

கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ திருடினது நானா?"

வார்டில் இருபது பேருக்கு ஓட்டமும் நடையுமாக ஊட்டிய தன் கையை நர்ஸம்மா பார்த்துக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது.

நிதானம் கட்டில் பக்கம் திரும்பினார். "தம்பி, பயிற்சிக்குப் போக இஷ்டமா?"

கண்டக்டரின் வாய் திறந்தது. நர்ஸம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்தார். கடிகார முள் ஓடியது. எட்டு நொடி, ஒன்பது நொடி. சொல்லித் தொலையேன் என்று நர்ஸம்மாவுக்கே தொண்டை வரை வந்தது.

"போ...கணும்," என்றான் தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு வருஷமா... சொல்ல வர்றேன்," என்றான்.

அதிகாரி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "எத்தனை வருஷம் வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"பத்தைத் தாண்டும். படிவம் நாளைக்குள்ள மையத்துக்குப் போய்ச் சேர்ந்தா போதும்," என்றார் நிதானம்.

பன்னிரண்டு இருபதுக்குத் தட்டு வந்தது. ஸ்பூன் இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் எழுந்த கண்டக்டர் திரும்ப உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அரை நாள் லீவு முடிந்து டூட்டிக்குப் போக நேரம் ஆகிவிட்டது, அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாதித் தட்டில் தம்பி ஸ்பூனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா... நீ..."

அவள் காத்திருந்தாள்.

"சாப்... பிட்டியா?"

கடைசி எழுத்து வந்து முடிந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "இல்லடா," என்றாள்.