இரும்பென்று நம்பு

ஊசி துணியில் பாதி இறங்கியிருந்தபோது போன் அடித்தது.

தையல்காரி மிதியை நிறுத்திவிட்டு எடுத்தாள். தம்பி.

"அக்கா... முதலாளி செத்துட்டாரு."

"என்னடா சொல்ற?"

"கட்டர் இறங்கிருச்சு. அவரு அடியில இருந்தாரு. எல்லாரும் என்னையே பாக்குறாங்கக்கா. நான் லாக்கு போட்டேன். என் கையால போட்டேன். நீயாவது நம்பு..."

யாரோ போனைப் பிடுங்கினார்கள்.

பிறகு ஒன்றுமில்லை.

அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் யார்டு அது. தம்பி அங்கே டிரைவர். வண்டியின் முன்னால் பல்வரிசையோடு நிற்கும் கனத்த பகுதிக்குக் கட்டர் என்று பெயர். ஆயில் பிரஷரில் மேலே எழும்பும். எழும்பியதும் பக்கத்துக் கொக்கியில் தொங்கும் ஒரு சிவப்பு இரும்புத் தாங்கியை எடுத்து, கட்டரைத் தூக்கும் ராடின் மேல் மாட்டவேண்டும். அதுதான் லாக்கு. அது இருந்தால் ஆயில் மொத்தமும் ஒழுகினாலும் கட்டர் கீழே வராது.

வந்திருந்தது!

உள்ளே சுற்றிக்கொண்ட கயிற்றை அறுக்கக் குனிந்து போன முதலாளி, திரும்ப எழுந்திருக்கவில்லை.

ஆயில் குழாயின் நட்டு தளர்ந்திருந்தது. லாக்கோ ஒன்றும் தெரியாத சாதுவாகக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போலீசுக்குக் காட்டியவர் முதலாளியின் மகளைக் கட்டியவர். யார்டில் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. யார்டை ஒட்டிய வீட்டு மாடியில், தன் அறையில் வேலையாக இருந்தாராம். சத்தம் கேட்டுத்தான் இறங்கி ஓடிவந்தாராம்.

லாக்கு போடாமல் விட்டது யார்? டிரைவர்.

நட்டைத் தளர்த்தத் தெரிந்தவன் யார்? டிரைவர்.

கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

ஸ்டேஷன் பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்தே இருந்தாள். போகச் சொன்னார்கள். போகவில்லை. திட்டினார்கள். காதில் வாங்கவில்லை. அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. நாளைக்குக் காலையில் கோர்ட். அங்கிருந்து ஜெயில். அதற்கப்புறம் யோசிக்க அவளால் முடியவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டரே கூப்பிட்டாள். தூக்கம் கெட்ட கண்களும், நாற்காலிக்கு அடியில் கழற்றிவிட்ட ஷூவுமாக ஒரு பெண்.

"இங்க பாரும்மா. உன் தம்பிக்கும் அவருக்கும் காலைலதான் சண்டை. யார்டே கேட்டிருக்கு."

"ஆயில் குழாய மாத்துங்கன்னுதான் மேடம் சண்டை."

"'இதுக்கு அடியிலயே ஒருநாள் சாகப்போறீங்க'ன்னு கத்தியிருக்கான்."

"செத்துடக் கூடாதேன்னு சொன்னான்."

"அப்படிச் சொல்லலையே அவன்."

தையல்காரிக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தம்பி அவளிடம் சொன்னது.

"மேடம்... இன்னைக்கு அந்த லாக்கு பஞ்சு மாதிரி இருந்துச்சாம். எப்பவும் ரெண்டு கையால தூக்கணுமாம். இன்னைக்கு ஒரு கையில வந்துருச்சாம். கோவத்துல இருந்ததால அப்ப தோணலையாம். மாட்டிட்டு விறுவிறுன்னு வெளிய போயிட்டானாம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"இத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னானாம். கான்ஸ்டபிள் சார் சிரிச்சாராம்."

கான்ஸ்டபிள் அவசரமாக மேலே மின்விசிறியை ஆராயத் தொடங்கினான்.

இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சிறிய பிளாஸ்டிக் பை. அதற்குள் சிவப்பாக ஒரு சில்லு, பருப்பு அளவு. முதலாளியின் சட்டைப் பையில் கிடந்தது. லாக்கில் பெயர்ந்த பெயிண்ட் என்று நினைத்து எடுத்து வைத்திருந்தாள். ஆனால் லாக்கில் புதிதாக எங்கும் பெயரவில்லை. இப்போது அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உடைந்த ஓரம் வெள்ளையாக இருந்தது. இரும்பு உடைந்தால் வெள்ளையாகவா இருக்கும்?

இன்னொரு கேள்வியும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. லாக்கைக் கையால் தடவிப் பார்க்காமல் முதலாளி கட்டருக்கு அடியில் போனதே கிடையாது என்று யார்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார்கள். லாக்கே இல்லாத வண்டிக்கு அடியில் அவர் எப்படிப் போவார்?

"ஷூவ எடுய்யா," என்றாள் கான்ஸ்டபிளிடம்.

முதலாளியின் வீட்டில் மகள் கீழே அழுதுகொண்டிருந்தாள். மாடியில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அறை முழுக்க வண்டிகள். டிராக்டர், கலப்பை, டிரெய்லர், வைக்கோல் கட்டும் இயந்திரம். எல்லாம் நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு. பெட்டியில் துண்டு துண்டாக வரும். சட்டத்திலிருந்து வெட்டி, அரம் போட்டு, பசை வைத்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, அதன்மேல் அழுக்கும் சேறும் துருவும் ஏற்றுவது இவர் வேலை. யார்டின் ஒவ்வொரு வண்டியும் தன் கீறல்களோடு இங்கே அலமாரியில் நின்றது.

மேஜை நடுவில் அதே அறுவடை இயந்திரம். கட்டரைத் தூக்கிக்கொண்டு.

"இந்த வாரம் கண்காட்சி. மாமா நினைவா வைக்கலாம்னு..." மாப்பிள்ளை பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே பேசினார். "போன வருஷம் ரெண்டாம் பரிசு. ஜட்ஜுக்குக் கண்ணு சரியில்ல."

முதலாளி யார்டை டிரைவரின் பொறுப்பில் விடப்போவதாகப் பேச்சு இருந்ததே என்று இன்ஸ்பெக்டர் மெதுவாக விசாரித்தாள். பொம்மை வண்டி ஓட்டுகிறவனுக்கு நிஜ வண்டி எதற்கு என்று எல்லோர் எதிரிலும் அவர் சொன்னாராமே?

மாப்பிள்ளை சிரித்தார். மாமா தமாஷாகப் பேசுவார் என்றார். பிரஷ் மட்டும் ஒரு நொடி நின்றது.

கான்ஸ்டபிள் அலமாரியிலிருந்த கலப்பையில் கை வைத்தான். துருப்பிடித்த கனமான இரும்பு. பலம் கொடுத்துத் தூக்கினான்...

கலப்பை காகிதம் மாதிரி எழும்பி அவன் மூக்கில் இடித்தது!

"ஐயோ, பிளாஸ்டிக்கா சார் இது? இரும்புன்னுல்ல நெனச்சேன்."

"அப்படி நெனைக்க வைக்கிறதுதான் வேலையே," என்றார் மாப்பிள்ளை. கலப்பையை வாங்கி, தூசி தட்டி, முன்பு இருந்த கோணத்திலேயே வைத்தார். "துரு, மேல மட்டும்தான். மண்ணுல உரசுற எடம் மின்னணும். நிறைய பேரு அதத்தான் கோட்டை விடுறாங்க."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். படியிறங்கி, ஜீப்பில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"லாக்க தூக்கி ஒளிச்சிட்டு, அதே அளவுல பிளாஸ்டிக்குல ஒண்ண செஞ்சு கொக்கியில தொங்கவிட்டிருக்கான். நட்டையும் தளர்த்திட்டான். கட்டர் கனம் எறங்கினதும் நொறுங்கிருச்சு. ஓடிவந்து துண்டையெல்லாம் பொறுக்கிட்டு நிஜத்த கொக்கியில மாட்டிட்டான்."

"பிடிச்சிரலாம் மேடம்."

"எத வச்சு? பருப்பு அளவு சில்ல வச்சா? அவன் வீட்டுல பிளாஸ்டிக் இருக்குன்னு சொன்னா, என் வீட்டுலயும் இருக்கேன்னு வக்கீல் சொல்லுவான்."

ஸ்டேஷன் வாசலில் தையல்காரி ஓடிவந்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றாள். கடையை எழுதித் தருகிறேன், மிஷினைத் தருகிறேன் என்றாள். அந்தப் பிடியை விலக்க இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விலக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் போனது. வழக்கு முடிந்துவிட்டது, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

வந்தார். நிம்மதியான முகம். விரல் நகத்தில் மட்டும் கொஞ்சம் பெயிண்ட்.

இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் ஒரு சிவப்புத் தாங்கி கிடந்தது. இரண்டாக உடைந்து. உடைந்த இடம் வெள்ளையாக.

மாப்பிள்ளையின் கால் வாசற்படியிலேயே நின்றது.

"வாங்க சார். பிளாஸ்டிக் குழாயில செஞ்சது. டிரைவர் வீட்டுல, தையல் மிஷினுக்கு அடியில இருந்து எடுத்தோம். இத மாட்டித்தான் உங்க மாமாவ ஏமாத்தியிருக்காங்க."

மூலையில் தரையில் தையல்காரி. கைகள் இரண்டும் முந்தானைக்குள். தலை முழங்காலில் கவிழ்ந்திருந்தது. 

"டிரைவரா... செஞ்சான்?" மாப்பிள்ளை மேஜைக்கு அருகே வந்தார்.

"கைன்னா கை சார் அவனுக்கு," என்றான் கான்ஸ்டபிள். "நாங்களே இரும்புன்னு ஏமாந்துட்டோம். வெளிய பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க, போட்டோ எடுக்க. சும்மா சொல்லக்கூடாது, உங்க பொம்மையெல்லாம் இதுக்கு அப்புறந்தான்."

மாப்பிள்ளை உட்கார்ந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் எதிரிலேயே இருந்தது. போட்டுவிட்டுப் போயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்...

கண் தாங்கி மேலேயே நின்றது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இத யாரு இரும்புன்னு நம்புவா?"

"உங்க மாமா நம்பியிருக்காரே."

"துரு இப்படியா திட்டுத்திட்டா வரும்? மழைத்தண்ணி தேங்குற மூலையில வரும். ராடு உரசுற எடத்துல பெயிண்டே இருக்காது, தேஞ்சு வெள்ளி மாதிரி தெரியும். இதுல அங்கயும் சிவப்பு. பிரஷ் போன கோடு தெரியுது பாருங்க."

"விடுங்க சார். வயசானவரு. கண்ணு மங்கல். ஏதோ ஒண்ணு சிவப்பா தெரிஞ்சிருக்கு, போயிட்டாரு."

"மங்கலா?" மாப்பிள்ளை எழுந்துவிட்டார். குரல் உடைந்தது. "முப்பது வருஷம் இரும்போட கெடந்த மனுஷன். பக்கத்துல குனிஞ்சு தடவிப் பாத்தாரு. சந்தேகமா திரும்பி வந்து இன்னொரு தடவை தடவினாரு. அவருக்கே தெரியல. அதப் போயி... இந்தக் குப்பையோட சேத்துப் பேசுறீங்க?"



"மாடியில வேலையா இருந்தவருக்கு," இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள், "அவர் திரும்பி வந்து தடவினது எப்படி சார் தெரிஞ்சது?"

பேனா உருண்டு கீழே விழுந்தது.

"அது... டிரைவர் சொல்லியிருப்பான்..."

"லாக்க மாட்டிட்டு அவன் அப்பவே வெளிய போயிட்டான். இது மிஷினுக்கு அடியில இருந்து எடுத்தது நிஜம். செஞ்சது இன்னைக்கு மத்தியானம்."

தையல்காரி தலையைத் தூக்கினாள். முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு!

"பெயிண்ட் அடிக்கத் தெரியுமான்னு மேடம் கேட்டாங்க. சுத்தமா தெரியாதுன்னேன். ரொம்ப நல்லதுன்னாங்க." அவள் மேஜை மேலிருந்த தாங்கியைக் காட்டினாள். "துரு வரல. காபித்தூள் தூவினேன்."

"சிவப்பு மொத்தமும் என் பொண்டாட்டி நெயில் பாலிஷ்," என்றான் கான்ஸ்டபிள். "வீட்டுக்குப் போனா எனக்கு யாரு ஜாமீன் எடுக்கப்போறாங்களோ."

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். உடைந்த துண்டுகள் எங்கே என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார்கள்.

"அலமாரி மேல. வைக்கோல் மிஷின் வந்த அட்டைப்பெட்டியில. எறிய மனசு வரல."

உள்ளே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். தம்பியின் முகத்தைச் சிவப்புக் கைகளால் பிடித்துக்கொண்டு, அப்போதுதான், அந்த நாள் முழுக்க அடக்கிவைத்த அழுகையை அழுதாள்.

மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த மட்டமான தாங்கியையே வெறித்தார்.

"கண்காட்சிக்கு என் வண்டி... யாராவது கொண்டுபோய் வைப்பாங்களா மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்கு சார் அலையணும்? முதல் பரிசு உங்களுக்குத்தான். இங்கயே வாங்கிக்கலாம். ரெண்டு கையையும் சேத்து நீட்டுங்க."