முதலாம் ஆண்டு ஜன்னலோரம்

"கொஞ்சம் நகருங்கக்கா... என் பொண்ணும் உள்ளதான் இருக்கா."

திலகவதி திரும்பிப் பார்த்தாள். அக்காவா? அவளுக்கே இன்னும் முப்பது ஆகவில்லை. சொன்னவனுக்கு முப்பத்தைந்தாவது இருக்கும். மழையில் தலை நனைந்து, நெற்றியில் நீர் சொட்ட நின்றிருந்தான். கண்கள் மட்டும் சிரித்தன.

"ஜன்னல் பெருசுதானே. அந்தப் பக்கம் நின்னு பாருங்க."

"அங்க ஏற்கெனவே ஆறு அப்பாங்க நிக்கிறாங்க."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அரை அடி நகர்ந்தாள்.

மலேசியாவில், நியாலாஸ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அது. ஜனவரி மாதம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று முதல் நாள். பேக்கரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து அந்த ஜன்னலை விட்டு அசையாமல் நின்றாள் திலகவதி. உள்ளே கடைசி வரிசையில் மகள் சஷ்வினி. டீச்சர் பேர் கூப்பிட்டார். சஷ்வினி எழவில்லை. இரண்டாம் முறைதான் வலது காதை டீச்சர் பக்கம் திருப்பி எழுந்தாள்.

"அந்தப் பாப்பாவுக்கு இடது காது கேக்கலையா?" அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பாமாயில் ஆலையில வேலை செய்றேன். மெஷின் சத்தத்துல காது போனவங்க அங்க இப்படித்தான் திரும்புவாங்க. டீச்சர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"உங்க வேலையப் பாருங்க."

கணவன் இறந்துபோன மூன்று வருடங்களில் 'ஐயோ பாவம்' என்ற வார்த்தையை அவள் போதும் போதும் என்னும் அளவுக்குக் கேட்டுவிட்டாள். மகளாவது அதைக் கேட்காமல் வளரட்டும் என்றுதான் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் காதைப் பற்றி எழுதவில்லை.

கேன்டீனில் தேத்தண்ணி வாங்கினாள். குடிக்க முடியவில்லை. திரும்பி வந்தால்... அவன் வகுப்பு வாசலில் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தான். சஷ்வினி முன்வரிசைக்கு மாறியிருந்தாள்.

"நான் கேட்டேனா உங்கள?" அவன் முன்னால் போய் நின்று கேட்டாள்.

அவன் சமாதானம் சொல்லவில்லை. "தப்புதான். உங்கள கேக்காம சொல்லியிருக்கக் கூடாது" என்று தலை குனிந்தான்.

பள்ளி விட்டதும் சஷ்வினி இன்னொரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, டீச்சர் சொன்ன கதை முழுசா கேட்டுச்சு. இவ ஹேமவர்ஷினி, என் பக்கத்துலதான் உக்காந்தா."

அந்தச் சிறுமியை அழைத்துப் போய் மோட்டார் சைக்கிளில் ஏற்றியவன் அவன்தான். திலகவதி ஓடிப்போய் நன்றி சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

நாட்கள் ஓடின. தினமும் பள்ளி கேட் அருகே அவன் லேசாகத் தலையசைப்பான். அவள் பார்க்காதவள்போல் போவாள். போனபின் திரும்பிப் பார்ப்பாள்... பேர் யுவனேஸ்வரன், மனைவி நோயில் தவறி இரண்டு வருடமாகிறது என்பதெல்லாம் சஷ்வினி சொல்லித்தான் தெரிந்தது. அவள் பேரும் பிள்ளைகள் வழியாகவே அவனுக்குப் போயிருந்தது. தன் துக்கத்தைச் சொல்லி அவன் இரக்கம் தேடவில்லையே என்று நினைத்தபோது, மனசு அவன் பக்கம் முழுசாகச் சாய்ந்திருந்தது.

மார்ச்சில் ஒரு மதியம் நல்ல மழை. பள்ளி எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றது அவர்கள் இருவர்தான். பள்ளி விட இன்னும் நேரமிருந்தது. திலகவதி அவன் அருகில் போனாள்.

"ரெண்டு மாசமா ஒரு நன்றி சொல்ல வாய் வரல எனக்கு. என் மக இப்ப பயமில்லாம ஸ்கூலுக்கு வரா... அது உங்களாலதான்."

"நீங்க இன்னும் கோபமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அது அன்னிக்கு மத்தியானமே போயிருச்சு. சொல்லத்தான் வெக்கம்."

அவன் அவள் கண்களைப் பார்த்தான்.

"ஹேமாவுக்கு ஒரு அம்மா வேணும்னு சொல்லல, திலகா. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு."

இப்படி ஒரு நாள் தனக்கு இனி வராது என்றே இருந்தாளே... முருகா, உனக்குக் கோடி நன்றி.

"நானும் சஷ்வினிக்காகச் சொல்லல" என்றாள் மெல்ல. "எனக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."